வீட்டு ஆட்களைக் கதாபாத்திரமாக்குவது எப்படி

கதை எழுதத் தொடங்கும் பெண்கள் என்னிடம் அடிக்கடி கேட்பது: "அப்பாவை அப்படியே எழுதலாமாக்கா?" முதல் பிரதியில் எழுதுங்கள். மனசில் இருப்பதெல்லாம் கொட்டட்டும். அப்புறம் அதிலிருந்து ஒரே ஒரு குணத்தை எடுத்துக்கொண்டு மிச்சத்தை மூடி வையுங்கள்.

நான் எடுத்தது, அப்பாவின் விற்காத குணம். எங்களுக்கு மஞ்சள் காடு. வேக வைத்து, காயப்போட்டு, மெருகேற்றிய மஞ்சளை ஈரோட்டுக்கு அனுப்பாமல் வீட்டுக்குள்ளேயே மூட்டையாக அடுக்கிவிடுவார். காலேஜ் ஃபீஸ் கேட்டால், "விலை ஏறட்டும்" என்பார். இவரைக் கஞ்சன் என்று எழுதிவிட்டால் கதை அங்கேயே படுத்துவிடும்.

அந்தக் குணம் எந்தப் பிழைப்பிலிருந்து வந்தது என்று பாருங்கள். மஞ்சள் ஏறக்குறைய ஒன்பது மாதப் பயிர். எல்லார் காட்டிலும் ஒரே சமயத்தில் வெட்டினால் வரத்து கூடும், விலை இறங்கும். பக்குவமாகக் காய்ந்த மஞ்சளோ சீக்கிரம் கெடாது. நாளைக்கு விலை வரும் என்று வைத்திருப்பார். கடன் வட்டி ஒரு பக்கம் ஏறும். அந்த ஆளின் தூக்கத்திலும் சாப்பாட்டிலும் இது தெரியும்.

இனி குணத்தை வேறொருவருக்குக் கொடுங்கள். நான் திருப்பூரில் பனியன் கம்பெனிக்குப் போகும் ஒரு அம்மாவுக்குக் கொடுத்தேன். மகளுக்கு வரும் வரனையெல்லாம் ஏதாவது சொல்லித் தட்டிக்கழிப்பாள். மகள் சண்டைக்கு வந்த அன்றைக்கு அந்த அம்மா சொன்னாள்: "உன்னையக் குடுத்துப்போட்டா அப்பறம் நம்ம வாசல்ல யாரு கண்ணு வந்து நிப்பாங்க?" இதை அப்பா ஒருநாளும் சொன்னதில்லை. ஆனால் மஞ்சள் மூட்டை இருந்தவரைதான் எங்கள் வீட்டுக்கு வியாபாரிகள் வந்தார்கள், அப்பாவிடம் மரியாதையாக உட்கார்ந்து பேசினார்கள். எழுதிய பிறகுதான் எனக்கே அது பிடிபட்டது. உங்கள் கோபத்தை உங்களைப் போன்ற பாத்திரத்துக்கும், நல்ல வசனத்தை எதிராளிக்கும் கொடுங்கள் என்று நான் சொல்வது இதனால்தான்.

ஆர். சண்முகசுந்தரத்தின் 'நாகம்மாள்' நாவல் 1942இல் வந்தது. எங்கள் கொங்குப் பக்கத்திலிருந்து எழுத வருகிறவர்கள் அவசியம் படிக்க வேண்டும். புருசனை இழந்தவள் நிலத்தில் பங்கு கேட்கிறாள். அந்த ஆசையைப் பிடித்துக்கொண்டுதான் அவள் பேச்சும் நடையும் வருகின்றன. உங்கள் பாத்திரத்துக்கு என்ன வேண்டும் என்று ஒரே வரியில் எழுதிப் பாருங்கள்.

பெயரும் ஊரும் மாற்றினால் போதாது. நோம்பிக்கு (பண்டிகைக்கு) வரும் ஒறம்பறைக்கு (சொந்தக்காரர்களுக்கு) ஒரு பட்டப்பெயர் போதும், ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள். அதை எடுத்துவிடுங்கள். அடுத்தவர் நம்பிச் சொன்ன ரகசியத்தையும் எடுத்துவிடுங்கள். கடைசியாகச் சத்தமாகப் படித்துப் பாருங்கள்; நிஜ ஆள் செய்ததை மட்டுமே உங்கள் பாத்திரம் செய்துகொண்டிருந்தால் இன்னொரு பிரதி எழுத வேண்டியிருக்கிறது.