கழுவினால் போவதும் போகாததும்: கடைக் காய்கனிகளை வீட்டில் சுத்தம் செய்யும் முறை

சென்ற மாதம் கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு கடையில் உரித்த பச்சைப் பட்டாணி வாங்கிவந்து, கண்ணாடிக் கிண்ணத்தில் போட்டுத் தண்ணீர் ஊற்றி வைத்தேன். அரை மணி நேரத்தில் தண்ணீர் பச்சையாகிவிட்டது. பட்டாணியோ வெளிறிப்போய்க் கிடந்தது. காய்க்கு உரிய பச்சையம் இப்படிக் குளிர்ந்த நீரில் கரைந்து ஓடாது. மாலகைட் கிரீன் போன்ற, உணவில் சேர்க்க அனுமதியில்லாத சாயத்தை ஏற்றியிருந்தால்தான் இவ்வாறு நிறம் பிரியும். பாகற்காய், வெண்டைக்காய், பச்சை மிளகாய் ஆகியவற்றின் மேல் சந்தேகம் வந்தால், மருந்துக் கடையில் கிடைக்கும் திரவப் பாரஃபினில் பஞ்சை நனைத்துத் தோலின் மேல் தேய்த்துப் பார்க்கலாம். பஞ்சில் பச்சை ஒட்டினால் அந்தக் காயைக் கழுவிப் பயன்படுத்த முயல வேண்டாம்.

மற்றவற்றைக் கழுவுவதற்கு முன், எதைப் போக்குவதற்காகக் கழுவுகிறோம் என்பதில் தெளிவு வேண்டும். மண், கிருமிகள், புழு முட்டைகள், தோலின் மேல் படிந்த பூச்சிமருந்து ஆகியவை நீராலும் தேய்ப்பாலும் பெருமளவு நீங்கும். வேர் வழியாகவோ இலை வழியாகவோ செடிக்குள் ஊடுருவும் வகை மருந்துகள் காயின் சதைக்குள்ளேயே இருப்பதால், எந்தக் கரைசலில் ஊறவைத்தாலும் முழுவதும் போகா. நம் வீடுகளில் பூச்சிமருந்தைப் பற்றிய அச்சம் மிகுதியாகவும் கிருமிகளைப் பற்றிய கவனம் குறைவாகவும் இருப்பதாகவே நான் கருதுகிறேன். வேகவைக்கும் காயில் கிருமிகள் அழிந்துவிடும். பச்சையாகத் தின்னும் வெள்ளரி, கேரட், கொத்தமல்லி, திராட்சை ஆகியவற்றில் அவை அப்படியே வயிற்றுக்குள் போகும்.

சோப்பு, பாத்திரம் தேய்க்கும் திரவம், தரை துடைக்கும் மருந்து ஆகியவற்றைக் காய்கனிகளின் மேல் ஒருபோதும் பயன்படுத்தக் கூடாது. தோலின் நுண்துளைகளிலும் காம்புக் குழியிலும் தங்கிவிடும் சோப்பு முழுவதுமாக அலசிப் போவதில்லை. 2020-இல் கொரோனா அச்சத்தில் பலர் காய்களைச் சோப்பு நுரையில் ஊறவைத்தபோது, இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையமே அது வேண்டாம் என்று அறிவுறுத்தியது.

முதலில் கைகளைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு, பிறகு காயை ஓடும் நீரில் காட்டி, விரல்களால் எல்லாப் பக்கமும் தேய்க்க வேண்டும். உருளைக்கிழங்கு, கேரட், பாகற்காய் போன்ற மேடுபள்ளமான காய்களுக்கென்று மெல்லிய நாரினால் ஆன தூரிகை ஒன்றைத் தனியே வைத்துக்கொள்வது நல்லது. கத்தரிக்காயில் தெளிக்கப்படும் மருந்து பச்சைக் காம்புத் தொப்பியின் அடியில் தேங்குவதால், அந்தத் தொப்பியை நீக்கிவிட்டு அந்த இடத்தை மீண்டும் ஒருமுறை தேய்க்க வேண்டும். முட்டைக்கோஸின் வெளி இலைகள் இரண்டு மூன்றைக் கழித்துவிட்டு, உள் இலைகளைத் தனித்தனியாகப் பிரித்து அலச வேண்டும். எதையும் நறுக்கிய பின் கழுவக் கூடாது. சத்தும் கரையும், வெட்டுவாய் வழியாக அழுக்கும் உள்ளே போகும். சந்தையிலிருந்து வந்தவுடன் எல்லாவற்றையும் கழுவி ஈரத்தோடு குளிர்பெட்டியில் அடைப்பது அழுகலுக்கு வழிவகுக்கும் என்பதால், சமைக்கும் வேளையில் கழுவுவதே சரி.

கீரைக்குக் கூடுதல் பொறுமை தேவை. வேரை நறுக்கி எறிந்து, பழுத்த இலைகளை ஆய்ந்தபின், வாயகன்ற பாத்திரம் நிறையத் தண்ணீர் வைத்து அதில் கீரையை அமிழ்த்தி மெல்ல அலச வேண்டும். அடுத்துச் செய்வதில்தான் பெரும்பாலோர் தவறுகிறார்கள்: பாத்திரத்தைச் சாய்த்து வடிகட்டினால், அடியில் படிந்த மணல் முழுவதும் கீரையின் மேலேயே திரும்பக் கொட்டும். இரு கைகளாலும் கீரையை மேலாக அள்ளி எடுத்து வேறு பாத்திரத்தில் போட்டுவிட்டு, பழைய நீரின் அடியைப் பார்க்க வேண்டும். விரலால் தடவினால் மணல் நெருடாத வரை, மூன்று முறையோ நான்கு முறையோ, இதைத் தொடர வேண்டும்.

ஆப்பிள் மீதான மருந்துப் படிவை ஆராய்ந்த அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தினர், ஆப்பச்சோடா கரைத்த நீரில் 12 முதல் 15 நிமிடம் ஊறவைத்தால் மேற்பரப்பில் இருந்த இரண்டு மருந்துகளும் நீங்கியதாக 2017-இல் வெளியிட்டனர். அவர்கள் பயன்படுத்திய அளவு லிட்டருக்கு 10 கிராம். அதாவது ஏறத்தாழ இரண்டு தேக்கரண்டி. தோலைக் கடந்து உள்ளே போன பகுதி சோடாவுக்கும் அசையவில்லை என்பதையும் அதே ஆய்வு காட்டியது. ஆப்பிள், தக்காளி, வெள்ளரி ஆகியவற்றுக்கு நான் இந்த முறையைக் கையாண்டு, பின் நல்ல நீரில் அலசுகிறேன். கறிவேப்பிலை, கொத்தமல்லி ஆகியவற்றுக்கு, கேரள வேளாண் பல்கலைக்கழகம் பரிந்துரைக்கும் புளிக்கரைசல் நம் வீடுகளுக்குப் பொருத்தமானது: லிட்டர் தண்ணீருக்கு 20 கிராம் புளியைக் கரைத்து வடிகட்டி, இலைகளைப் பத்து நிமிடம் ஊறவைத்து அலச வேண்டும். காலிஃபிளவருக்குப் போடும் உப்பும் மஞ்சளும் புழுவை வெளியேற்றவே உதவும். மருந்தைப் போக்க அவற்றை நம்ப வேண்டாம். திராட்சையின் மேல் வெண்பொடி போலத் தெரிவது பெரும்பாலும் அதன் இயற்கையான மெழுகே என்பதால் அதைக் கண்டு அஞ்சவும் தேவையில்லை.

கல் வைத்துப் பழுக்க வைத்த மாம்பழம் வேறு விவகாரம். கால்சியம் கார்பைடு கல் ஈரத்தில் அசெட்டிலின் வாயுவை வெளியிடுகிறது. கல்லில் ஆர்சனிக், பாஸ்பரஸ் சார்ந்த கசடுகளும் இருக்கக்கூடும். அதனால்தான் இந்தியாவில் அதற்குத் தடை உள்ளது. அனுமதிக்கப்பட்ட எத்திலின் வாயு அறைகளில் பழுத்த பழத்தை இதனோடு சேர்த்துப் பழிப்பது முறையன்று. காய்வெட்டாக வாங்கி வைக்கோலில் பழுக்க வைத்துக்கொள்வதே ஐயமற்ற வழி.

பண்ருட்டிப் பலாவின் தோலை நாம் தின்பதில்லை என்பதற்காக அதைக் கழுவாமல் வெட்டுகிறோம். சாலையோரத்திலும் லாரியிலும் கிடந்த அழுக்கைக் கத்தி நேராகச் சுளைக்கு இழுத்துச் செல்கிறது. பலாவையும் தர்பூசணியையும் தேய்த்துக் கழுவித் துடைத்தபின், கத்திக்கு எண்ணெய் தடவி வெட்டலாம்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் கெடிலமும் தென்பெண்ணையும் பெருகும் நாட்களில், வயலிலும் குழாயிலும் சாக்கடை கலக்க வாய்ப்புண்டு. அப்போது கழுவும் நீரே கெட்டதாக இருக்கலாம். பச்சையாகத் தின்பவற்றைக் கடைசியாக ஒருமுறை கொதிக்கவைத்து ஆறிய நீரில் அலசுவதும், கீரையை வேகவைத்து மட்டுமே உண்பதும் அந்த வாரங்களுக்குப் பாதுகாப்பானவை.

சாயம் பிரிந்தால் பொருள் முழுவதையும் கொட்டிவிடாமல், ஒரு பகுதியை மூடிய பாத்திரத்தில் வைத்து, வாங்கிய நாளையும் கடையையும் குறித்து, ரசீது இருந்தால் அதையும் சேர்த்து, கடலூரில் மாவட்ட உணவுப் பாதுகாப்பு நியமன அலுவலரிடமும், புதுச்சேரியில் அங்குள்ள உணவுப் பாதுகாப்புத் துறையிடமும் புகார் அளிக்க வேண்டும். நான் ஆத்திரத்தில் பட்டாணி முழுவதையும் குப்பையில் கொட்டிவிட்டதால், என்னிடம் காட்டுவதற்கு எதுவும் இல்லாமல் போயிற்று.