பட்டுச் சேலையைத் திருப்பிப் பார்த்து வாங்குங்கள்

கடைக்காரர் சேலையை உதறி விரித்ததும் எல்லார் கண்ணும் முந்தானைக்குத்தான் போகும். போகட்டும், அதற்காகத்தானே அவ்வளவு ஜரிகையையும் அங்கே கொட்டி நெய்கிறார்கள். ஆனால் பார்த்து முடித்ததும், "அண்ணே, கொஞ்சம் திருப்பிப் போடுங்க" என்று சொல்லுங்கள். சொல்கிற விலை நியாயமா என்பது பெரும்பாலும் பின்பக்கத்தில்தான் தெரியும். கோலாலம்பூரில் மஸ்ஜித் இந்தியாவாக இருந்தாலும் பிரிக்பீல்ட்ஸாக இருந்தாலும், 'காஞ்சிபுரம்' என்ற பெயர் நூறு வெள்ளி (ரிங்கிட்) சேலைக்கும் வைக்கிறார்கள், மூவாயிரம் வெள்ளி சேலைக்கும் வைக்கிறார்கள். பெயரை நம்பி ஒன்றும் ஆகப்போவதில்லை.

காஞ்சிபுரத்தின் பெருமை நூலில் இல்லை. பட்டு நூல் பெரும்பாலும் கர்நாடகாவிலிருந்து வருகிறது, ஜரிகை குஜராத்தின் சூரத்திலிருந்து வருகிறது. அந்த ஊருக்கென்று இருப்பது நெசவு, 2005-06ல் புவிசார் குறியீடு கிடைத்ததும் அப்படிப்பட்ட சேலைக்குத்தான். அதனால் நெசவைப் பாருங்கள். உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம் என்றால் இரண்டும் சேரும் கோட்டைப் பின்பக்கம் தடவிப் பாருங்கள். கோர்வை போட்டு, அதாவது உடலையும் கரையையும் தனித்தனி ஊடையால் (குறுக்கே ஓடும் நூல்) நெய்து கோர்த்த சேலையில், அந்த நூலைக் கொண்டு ஓடும் நாடா உடலுக்கு ஒன்று, இரண்டு கரைக்கும் ஒவ்வொன்று என்று மூன்று இருக்கும். உடலின் ஊடை நூலும் கரையின் ஊடை நூலும் அந்தக் கோட்டில் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு திரும்பிவிடும், அதனால் விரலுக்கு லேசான தடிப்பு தெரியும், கரையின் நிறமும் கலப்படமில்லாமல் பளிச்சென்று இருக்கும். கோர்வை இல்லாத சேலையில் உடலின் ஊடையே கரைக்குள்ளும் ஓடுவதால் கரை நிறம் கொஞ்சம் மங்கிக் கலந்தாற்போல் தெரியும். அது மோசமான சேலை என்று அர்த்தமில்லை. ஆனால் கோர்வைச் சேலையின் விலையை அதற்குக் கொடுக்க வேண்டியதில்லை.

அடுத்தது ஜரிகை, அதிகம் ஏமாறுவதும் இதில்தான். அசல் ஜரிகை என்பது பட்டு நூலின் மேல் தட்டையாக்கிய வெள்ளிக் கம்பியைச் சுற்றி, அதற்குத் தங்க முலாம் பூசியது. உள்ளே இருக்கும் நூல் வழக்கமாகச் சிவப்புச் சாயம் ஏற்றியதாக இருக்கும். பின்பக்கத்தில் தொங்கும் ஓர் இழையை நகத்தால் சுரண்டி உள்ளே என்ன நிறம் வருகிறது என்று பாருங்கள். வெள்ளை நூல் வந்தால் அநேகமாக அது போலி ஜரிகை. சிவப்பு வந்துவிட்டால் மட்டும் தங்கம் என்றும் ஆகிவிடாது, செம்புக் கம்பிக்கு உள்ளேயும் சிவப்பு நூல் வைக்கலாம். கடையில் நேரடியாகக் கேளுங்கள்: வெள்ளி ஜரிகையா, செம்பு ஜரிகையா, பிளாஸ்டிக்கா? அதையே ரசீதில் எழுதித் தரச் சொல்லுங்கள். நல்ல கடைக்காரர் கோபித்துக்கொள்ள மாட்டார். மழுப்புகிறவரிடம் நான் பேரம் பேசுவதுகூட இல்லை.

'சில்க் மார்க்' ஹாலோகிராம் சீட்டு இருந்தால் நல்லது. இந்தியாவின் மத்திய பட்டு வாரியம் 2004ல் கொண்டுவந்த முத்திரை அது. ஆனால் அது நூல் சுத்தமான பட்டு என்பதற்கு மட்டும்தான் சாட்சி, ஜரிகை என்ன ரகம் என்றோ கைத்தறியா விசைத்தறியா என்றோ அது சொல்லாது. சீட்டு இல்லாவிட்டால் நூலை எரித்துப் பார்க்கலாம். அதையும் கடைக்குள் லைட்டரை எடுத்துச் செய்யாதீர்கள், இரண்டு நூல் வாங்கிக்கொண்டு வெளியே அஞ்சடிக்கு (கடை வாசல் நடைபாதைக்கு) வந்துவிடுங்கள். பட்டு என்றால் முடி கருகும் வாடை வரும், சாம்பல் விரலில் பொடியாகிவிடும். பாலியஸ்டர் உருகிக் கெட்டி மணியாக நிற்கும். ரேயான் காகிதம் எரிவது போல மணக்கும். இதில் ஒரு விஷயத்தைப் பலர் விட்டுவிடுகிறார்கள்: முந்தானை நுனியில் தொங்கும் நூல் எல்லாமே பாவு நூல், அதாவது நீளவாக்கில் ஓடும் நூல். பாவுக்குப் பட்டைப் போட்டு ஊடைக்கு பாலியஸ்டரை ஓட்டிய சேலையும் உண்டு. அதனால் வெட்டிய ஓரத்திலிருந்து குறுக்கே ஓடும் நூலையும் ஒன்று உருவிக் கேளுங்கள்.

அஞ்சடிக்கு வந்த சாக்கில் நிறத்தையும் வெயில் வெளிச்சத்தில் பார்த்துவிடுங்கள். கடை விளக்கில் அரக்கும் மெரூனும் ஒன்றுபோலத்தான் தெரியும். மயில் கழுத்து நிறம் மாதிரி பாவுக்கு ஒன்று, ஊடைக்கு ஒன்று என்று இரண்டு நிறம் கலந்து நெய்த பட்டு, ஆட்டும்போது நிறம் மாறும்.

எதற்குக் கட்டப்போகிறோம் என்பதையும் யோசியுங்கள். முகூர்த்தத்துக்குக் கனமான பட்டு சரி, மண்டபத்தில் ஏர்கான் இருக்கும். தைப்பூசத்துக்கு அதையே கட்டிக்கொண்டு பத்துமலையின் 272 படி ஏறுவது தேவையில்லாத தண்டனை, பக்கத்தில் வருகிறவரின் பால்குடம் தளும்பினால் கதை முடிந்தது. கோயிலுக்கும் தீபாவளி விருந்துக்கும் கனம் குறைந்த சாஃப்ட் சில்க் போதும், ஆனால் அந்தப் பெயரில் பாலியஸ்டரும் விற்கிறார்கள், மேலே சொன்ன சோதனை அதற்கும் உண்டு. பினாங்கு லெபோ பசாரில் வாங்கினாலும் இதே கதைதான்.

வாங்கியாச்சு, இனிமேல் இந்த ஊர் ஈரக்காற்றோடு மல்லுக்கட்ட வேண்டும். கட்டிக் களைந்ததும் மடித்து அலமாரிக்குள் திணிக்காதீர்கள், வியர்வை உலரும் வரை நிழலில் ஃபேன் காற்றில் போட்டு வையுங்கள். கடையில் கொடுக்கும் பிளாஸ்டிக் உறை வீடு வரைக்கும்தான், உள்ளே ஈரம் தங்கினால் பூஞ்சை பிடிக்கும், வெள்ளி ஜரிகையும் கறுக்கும். துவைத்துக் காய்ந்த பழைய பருத்தி வேட்டியில் சுற்றி வைப்பதைவிடச் சிறந்த உறை கிடையாது. பக்கத்தில் சிலிக்கா ஜெல் பொட்டலம் வைத்து அவ்வப்போது மாற்றுங்கள். அந்துருண்டை போடுவதானால் துணியில் கட்டித் தள்ளி வையுங்கள், ஜரிகையில் படக்கூடாது. மூன்று மாதத்துக்கு ஒரு முறை மடிப்பை மாற்றிப் போடுங்கள், ஒரே மடிப்பில் வருடக்கணக்கில் கிடந்தால் அந்தக் கோட்டிலேயே பட்டு விட்டுப்போகும். ஹேங்கரில் தொங்கவிடாதீர்கள், ஜரிகைக் கனம் இழுக்கும். சென்ட் அடிப்பதானால் சேலை கட்டுவதற்கு முன்னாலேயே அடித்துவிடுங்கள்.

துவைக்க வேண்டுமென்றால் டிரை கிளீன் செய்யும் டோபி கடையில், ஜரிகைச் சேலை என்று வாய்விட்டுச் சொல்லிக் கொடுங்கள். தெருவுக்குத் தெரு இருக்கும் சுயசேவை டோபி பக்கம் பட்டைக் கொண்டுபோகவே வேண்டாம். எண்ணெய் பட்டால் தேய்க்காமல் உடனே பவுடரைத் தூவி உறிஞ்ச விட்டுத் தட்டிவிடுங்கள். வெள்ளைப் புள்ளியாகப் பூஞ்சை தெரிந்தால் மற்ற சேலைகளிலிருந்து பிரித்து, வெளியே கொண்டுபோய் மென்மையான பிரஷ்ஷால் தட்டிவிட்டு, அப்புறம் டோபிக்குக் கொடுங்கள். ஜரிகை கறுத்துவிட்டதே என்று புளியோ வெள்ளிப் பாத்திரப் பாலிஷோ போட்டுத் தேய்த்தால் கறுப்போடு சேர்ந்து தங்க முலாமும் போய்விடும்.