லிண்டா பெராக்ஸ் மறுபதிப்பு: வாங்குவதும் பூஞ்சணத்திலிருந்து காப்பதும்

பாடகி லிண்டா பெராக்ஸ் கலிஃபோர்னியாவில் பல் சுத்தம் செய்யும் வேலை பார்த்தவர். 1970-இல் வந்த அவருடைய இசைத்தட்டு ‘பேரலலோகிராம்ஸ்’ அன்றைக்கு விற்கவில்லை. அடுத்த ஆல்பம் 2014-இல்தான். முதல் பதிப்பைத் தேடிக் காசைக் கரைக்காதீர்கள். அதில் ஒலி மங்கல், அவருக்கே பிடிக்கவில்லை. மறுபதிப்பு என்றால் எந்த டேப்பிலிருந்து எடுத்தது என்று அட்டையின் பின்பக்கம் பாருங்கள்.

இலங்கை மலைநாட்டு ஹட்டனில் இருக்கிற எனக்கு வாங்குவதைவிட வைத்திருப்பதுதான் பெரும்பாடு. ஜூன், ஜூலை மழையில் அட்டையெல்லாம் வெள்ளைப் பூஞ்சணம். தட்டுகளை நிமிர்த்தி வையுங்கள், ஈரச் சுவரில் ஒட்டாமல். அடுப்பருகே காயவைத்தால் நெளிந்துவிடும். (அப்பளமா அது?) தட்டிலேயே பூஞ்சணம் பிடித்தால் டிஸ்டில்ட் வாட்டரில் ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம் விட்டு, மெல்லிய துணியால் வரிப்பள்ளம் ஓடுகிற போக்கிலேயே துடையுங்கள், குறுக்கே இழுக்காதீர்கள். நடுவிலுள்ள காகித லேபிள் நனையக்கூடாது. பிறகு வெறும் டிஸ்டில்ட் வாட்டரால் இன்னொரு முறை. நன்றாகக் காய்ந்த பிறகே உறைக்குள் போடுங்கள்.

கேட்பதற்கு, தகரக்கூரையில் மழை அடிக்காத நேரமாகப் பாருங்கள். தலைப்புப் பாட்டின் நடுவில் குரல்கள் ஒன்றன்மேல் ஒன்றாய் அடுக்கிக் கரையும் இடம், ஹெட்போன் இல்லாமல் பாதிதான் கேட்கும்.