வீட்டில் ஒருவர் மனச்சோர்வு மாத்திரை தொடங்கினால்: முதல் சில வாரங்களைக் கடப்பது எப்படி

டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டில் எஸ்சிட்டலோபிராம், செர்ட்ரலின், ஃப்ளூயாக்ஸெட்டின் என்று ஏதாவது ஒன்று இருக்கும். வீட்டில் எல்லோருக்கும் எழும் முதல் கேள்வி, "எத்தனை நாளில் சரியாகும்?" தலைவலி மாத்திரை மாதிரி ஒரு மணி நேரத்தில் கேட்காது. தூக்கமும் பசியும் ஒன்றிரண்டு வாரத்தில் கொஞ்சம் திரும்பலாம், மனசு தெளிய நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். ஆனால் பக்கவிளைவு இரண்டாம் நாளே வந்துவிடும். இந்த இடைவெளியில்தான் பல வீடுகளில் "இது ஒத்துக்கல, விட்டுடு" என்று மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள். பலன் வருவதற்கு முன்பே.

குமட்டல், தலைவலி, வயிற்றுப்போக்கு, வியர்வை, வாய் உலர்வது, படபடப்பு, தூக்கம் வராமல் புரள்வது அல்லது பகலெல்லாம் தூங்கி வழிவது, இவைதான் வழக்கமாக வருபவை. பெரும்பாலும் ஒன்றிரண்டு வாரத்தில் அடங்கிவிடும். சாப்பிட்ட பிறகு போட்டால் குமட்டல் குறையும். ராத்திரி தூக்கம் போகிறதென்றால் காலையில் போடலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். ஆரம்பப் படபடப்புக்காகக் கூடவே குளோனசெபாம் கொடுத்திருக்கலாம். பழக்கமாகிவிடக்கூடியது அந்த மாத்திரைதான், மனச்சோர்வு மாத்திரை இல்லை. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பி "அடிமையாயிடுவே" என்று பயமுறுத்தும் சொந்தக்காரர் எல்லாக் குடும்பத்திலும் ஒருவர் உண்டு. குளோனசெபாமை எத்தனை நாள், எப்படிக் குறைப்பது என்று முதல் நாளே கேட்டு எழுதி வையுங்கள்.

நீங்கள் உண்மையிலேயே கண்ணில் எண்ணெய் விட்டுப் பார்க்க வேண்டியது வேறு. 25 வயதுக்குக் கீழே இருப்பவர்களில் சிலருக்கு, மாத்திரை தொடங்கியதும் அல்லது அளவு மாற்றியதும், தற்கொலை எண்ணம் கூடலாம். அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2004-இல் சிறுவர்களுக்கும் பதின்வயதினருக்கும் இந்த எச்சரிக்கையைப் போடச் சொல்லி, 2007-இல் அதை 24 வயது வரை நீட்டியது. வயது கூடியவர் என்றாலும் முதல் வாரங்களில் கவனம் வேண்டும். ஒரு இடத்தில் உட்கார முடியாத தவிப்பு, புதிதாக வரும் ஆத்திரம், "நான் இல்லாட்டி உங்களுக்கு நிம்மதி" என்கிற பேச்சு, இதில் எது வந்தாலும் அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்காமல் அன்றைக்கே டாக்டரைக் கூப்பிடுங்கள். "சாகணும்னு தோணுதா?" என்று நேராகவே கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ் 14416, இலவசம், 24 மணி நேரமும் தமிழில் பேசலாம். உடனடி ஆபத்து என்றால் தனியே விடாமல் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள். மாத்திரை அட்டைகள் உங்கள் கையில் இருக்கட்டும், கொடுத்திருப்பது அமிட்ரிப்டிலின் என்கிற பழைய வகை மனச்சோர்வு மாத்திரை என்றால் கட்டாயமாக. மொத்தமாக விழுங்கினால் உயிருக்கே ஆபத்து.

இதற்கு நேரெதிரான ஒன்றும் உண்டு. திடீரென்று தூக்கமே தேவைப்படாமல், ஓயாமல் பேசிக்கொண்டு, காசை வாரி இறைத்துக்கொண்டு திரிந்தால் "அப்பாடா, தெளிஞ்சுட்டாங்க" என்று சந்தோஷப்பட வேண்டாம். அது பைபோலாராக, அதாவது சோர்வும் அளவுமீறிய உற்சாகமும் மாறி மாறி வரும் நோயாக இருக்கலாம். அதற்கும் உடனே டாக்டர்தான்.

வயதானவர்களுக்கு இந்த மாத்திரையால் ரத்தத்தில் சோடியம் (உப்புச்சத்து) குறையலாம், பிரஷருக்கு நீர் மாத்திரை போடுபவர்களுக்கு இன்னும் கூடுதலாக. குழப்பமாகப் பேசினால், நடை தள்ளாடினால் "வயசாயிடுச்சு" என்று விடாமல் ரத்தப் பரிசோதனை கேளுங்கள். மூட்டுவலிக்கு மெடிக்கலில் தானாக வாங்கும் டைக்ளோஃபெனாக் இதோடு சேர்ந்தால் வயிற்றில் ரத்தக்கசிவு வரும் வாய்ப்பு கூடும். டிரமடால் என்கிற வலி மாத்திரை சேர்வதும் ஆபத்து. போடுகிற எல்லா மாத்திரையையும் ஒரு பையில் போட்டு எடுத்துப்போய்க் காட்டுவதுதான் சுலபம்.

அப்புறம், யாரும் வாய்திறக்காத விஷயம்: தாம்பத்தியத்தில் ஆசை குறையலாம், உச்சம் தாமதமாகலாம். கணவன் மனைவிக்குள் "என் மேல பாசம் போச்சு" என்று சண்டையாகி, கடைசியில் சத்தமில்லாமல் மாத்திரையை நிறுத்துகிறவர்கள் உண்டு. இது மருந்தின் வேலை, டாக்டருக்குப் புதிதும் இல்லை. சொன்னால் அளவையோ மருந்தையோ மாற்றிப் பார்ப்பார்.

நன்றாகிவிட்டதும் நிறுத்தலாமா? கூடாது. தெளிந்த பிறகும் வழக்கமாக ஆறு முதல் ஒன்பது மாதம் தொடரச் சொல்வார்கள், நிறுத்தும்போதும் படிப்படியாகத்தான். சட்டென்று விட்டால் தலைச்சுற்றல், எரிச்சல், தலைக்குள் கரன்ட் அடித்த மாதிரி ஒரு உணர்வு வரும். ஊருக்குக் கல்யாணத்துக்குப் போகும்போது அட்டையை மறக்காதீர்கள். ஒரு வேளை தவறிவிட்டால் மறுநாள் இரண்டாகப் போட வேண்டாம்.

ஒவ்வொரு சண்டையிலும் "இன்னிக்கு மாத்திரை போட்டியா?" என்று கேட்காதீர்கள், அது கன்னத்தில் அறைவதற்குச் சமம். அதற்குப் பதிலாக ஒரு நோட்டில் தூக்கம், சாப்பாடு, குளியல், யாரிடமாவது பேசினாரா என்று தினம் ஒரு வரி குறித்து, அவருக்கும் தெரிந்தே, அடுத்த முறை டாக்டரிடம் காட்டுங்கள். முன்னேற்றம் பெரும்பாலும் அவருக்குத் தெரிவதற்கு முன் உங்கள் கண்ணுக்குத்தான் படும். ஆறு வாரம் ஒழுங்காகப் போட்டும் அசைவே இல்லையென்றால், அளவைக் கூட்டவோ வேறு மருந்து தரவோ அந்த நோட்டு டாக்டருக்கு உதவும். முதல் மருந்தே எல்லோருக்கும் கேட்டுவிடுவதில்லை.