ஷாம்பூ, கண்டிஷனர்: காசைக் கரைக்கும் தவறுகள்

எங்கள் பார்லருக்கு வேலை பழக வரும் பெண்கள் எல்லோரும் முதல் மாதத்தில் ஒரே காரியத்தைச் செய்வார்கள். வந்தவர் நாற்காலியில் உட்கார்ந்ததும் பின்னலை அவிழ்த்து, நுனியைக் கையில் எடுத்துப் பார்த்து, "உங்களுக்கு ரொம்ப ட்ரை ஹேருங்க அக்கா, மாய்ஸ்சர் ஷாம்பூ போடுங்க" என்று சொல்லிவிடுவார்கள். உச்சந்தலையில் ஒரு விரலைக்கூட வைத்துப் பார்த்திருக்க மாட்டார்கள். போன வாரமும் ஒரு பெண் அப்படியே சொன்னாள். பதினைந்து வருடத்துக்கு முன்னால் நான் சொல்லிக்கொண்டிருந்த அதே வாக்கியம். அன்று ராத்திரியே எழுத உட்கார்ந்துவிட்டேன்.

என் பார்லர் கோவையின் ஓரத்தில் இருக்கிறது. வருகிறவர்கள் பெரும்பாலும் மாதச் சம்பளத்தில் வீட்டை ஓட்டுகிறவர்கள். அவர்களை ஆயிரம் ரூபாய் பாட்டில் வாங்கச் சொல்ல எனக்கு மனம் வராது, அதற்குத் தேவையும் இல்லை. கொதிக்கக் கொதிக்க வெந்நீர் ஊற்றாதீர்கள், துண்டால் அடித்துத் துவட்டாதீர்கள் என்பதெல்லாம் உங்கள் வீட்டிலேயே சொல்லியிருப்பார்கள். அவற்றை விட்டுவிடுகிறேன்.

முடி நுனியைப் பார்த்து ஷாம்பூ வாங்குவது

ஷாம்பூ தலைத்தோலுக்கு. கண்டிஷனர் முடிக்கு. ஒரே தலையில் தோல் எண்ணெய்ப் பசையோடும் நுனி வறண்டும் இருக்கலாம். இடுப்பு வரை முடி உள்ளவர்களில் பாதிப் பேருக்கு மேல் அப்படித்தான் பார்க்கிறேன். நுனி பல வருடம் வெயிலும் சீப்பும் பட்ட பழைய முடி, அது வறண்டுதான் இருக்கும். அதற்காக வாங்கிய கனமான ஷாம்பூ, எண்ணெய் வடியும் உச்சந்தலையில் போய்ப் படிகிறது.

சோதிப்பது சுலபம். எண்ணெய் வைக்காமல் தலைக்குக் குளித்து, மறுநாள் மாலை ஒரு டிஷ்யூ பேப்பரை உச்சியிலும் காதுக்குப் பின்னாலும் அழுத்திப் பாருங்கள். பேப்பர் கண்ணாடி மாதிரி ஆனால் எண்ணெய்த் தோல். ஒன்றும் ஒட்டாமல் தோல் இழுத்துப் பிடித்தால் வறண்ட தோல். முடியின் கனம் தெரிய, உதிர்ந்த ஒரு முடியை இரண்டு விரலுக்கு நடுவில் உருட்டுங்கள். இருப்பதே தெரியாவிட்டால் மெல்லிய முடி, தையல் நூல் மாதிரி தட்டுப்பட்டால் தடித்த முடி. மெல்லிய முடிக்கு கண்டிஷனர் ஒரு ரூபாய் நாணயம் அளவு போதும். தடித்த முடிக்கும் சுருட்டைக்கும் அதைப்போல மூன்று மடங்கு எடுத்தாலும் தப்பில்லை.

தலை நிறைய எண்ணெய், கையில் சல்ஃபேட் இல்லாத பாட்டில்

இதை மட்டும் நீளமாகச் சொல்ல வேண்டும். இதில் நான் அடுத்தவர் பணத்தையும் வீணாக்கியிருக்கிறேன்.

2017இல் ஒரு விற்பனைப் பிரதிநிதி வந்து, சல்ஃபேட் என்பது தரை கழுவும் ரசாயனம், அது இல்லாத ஷாம்பூதான் இனிமேல் என்று சொன்னார். நம்பினேன். பாட்டில் 650 ரூபாய் வீதம் ஒரு பெட்டி, பன்னிரண்டு பாட்டில் எடுத்தேன். வருகிறவர்களிடம் எல்லாம் அதையே சொல்லி விற்றேன்.

அதில் ஒருவர் பள்ளி ஆசிரியை. முழங்காலைத் தொடும் முடி. தினமும் காலையில் செக்குத் தேங்காய் எண்ணெய் தேய்த்துப் பின்னிக்கொண்டுதான் பள்ளிக்குப் போவார். ஒரே மாதத்தில் திரும்பி வந்தார். "ஏனுங்க, முடியெல்லாம் சிக்கு விழுந்து பிசுபிசுங்குது. அரிப்புத் தாங்கல. பாட்டிலும் தீர்ந்துபோச்சு." வகிடெடுத்துப் பார்த்தேன். தோல் மேல் மெழுகு பூசியது போல ஒரு படலம், அதில் மஞ்சள் செதில். நுரை வரவில்லை என்று ஒவ்வொரு குளியலுக்கும் மூன்று தடவை ஊற்றியிருக்கிறார். அரிப்பை வறட்சி என்று நினைத்து எண்ணெயையும் கூட்டியிருக்கிறார். அவர் செய்தது ஒவ்வொன்றும் என் பேச்சைக் கேட்டுச் செய்தது.

நம் மளிகைக் கடையில் தொங்கும் ஷாம்பூக்களில் பெரும்பாலானவற்றில் எண்ணெயை எடுக்கும் வேலையைச் செய்வது சோடியம் லாரெத் சல்ஃபேட். அதன் ஒரு முனை எண்ணெயைப் பிடிக்கும், மறுமுனை தண்ணீரைப் பிடிக்கும். அலசும்போது எண்ணெயையும் அழுக்கையும் இழுத்துக்கொண்டு போய்விடும். பெயர் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்கும் சோடியம் லாரில் சல்ஃபேட் தோலை அதிகம் உறுத்தும். லாரெத் அதைவிடச் சாது. கூடவே கோகமிடோபுரோபில் பீட்டெய்ன் சேர்ந்திருந்தால் உறுத்தல் இன்னும் குறையும். பாக்கெட்டின் பின்னால் பொடி எழுத்தில் இந்தப் பெயர்கள் இருக்கும்.

சல்ஃபேட் வேண்டாம் என்ற அறிவுரை, தலைக்கு எண்ணெயே வைக்காத, சாயம் பூசிய, அடிக்கடி அலசுகிற தலைகளுக்குச் சொல்லப்பட்டது. அவர்களுக்கு அது சரி. பார்லரில் முடியை வழுவழுப்பாக்கும் ஸ்மூத்தனிங், கெரட்டின் ட்ரீட்மென்ட் செய்துகொண்டவர்களுக்கும் சரி. ஒரு கரண்டி தேங்காய் எண்ணெய் ஊறிய தலையிலிருந்து அதை எடுக்க, பல மென்மையான ஷாம்பூக்களுக்குத் திராணி கிடையாது. இன்னொன்றும் பின்னால்தான் எனக்குத் தெரிந்தது. 'சல்ஃபேட் இல்லை' என்று முன்னால் போட்டிருக்கும் சில பாட்டில்களில் சோடியம் ஓலிஃபின் சல்ஃபோனேட் இருக்கிறது. பெயரளவில் அது சல்ஃபேட் இல்லை. எண்ணெயை உரிப்பதில் சல்ஃபேட்டுக்குச் சளைத்ததும் இல்லை. அப்படியானால் அந்த ஒற்றைச் சொல்லுக்காக நாம் கொடுத்த கூடுதல் காசு எதற்கு? இப்போதும் யாராவது அந்தச் சொல்லை மட்டும் பார்த்துவிட்டு 700 ரூபாய் எடுத்து வைத்தால் எனக்குப் பொறுக்காது.

அந்த ஆசிரியைக்கு அன்று சாதாரண பாக்கெட் ஷாம்பூவை ஒரு மக் தண்ணீரில் கலக்கி இரண்டு தடவை அலசினேன். முதல் தடவை நுரை வராது, எண்ணெய் நுரையைக் கொன்றுவிடும். இரண்டாவது தடவை கொஞ்சமாக ஊற்றினாலே பொங்கி வரும். ஒரே தடவையில் கை நிறைய ஊற்றுவதைவிட இது சிக்கனம். பிறகு காதுக்குக் கீழே கண்டிஷனர். மிச்சமிருந்த செதிலுக்குத் தோல் மருத்துவரிடம் அனுப்பினேன், அவர் பூஞ்சைக்கு எதிரான கீட்டோகோனசோல் ஷாம்பூ எழுதிக் கொடுத்தார். பாட்டிலின் விலையை ஆசிரியை வேண்டாம் வேண்டாம் என்றபோதும் திருப்பிக் கொடுத்தேன்.

எண்ணெயை நான் விடச் சொல்லவில்லை. 2003இல் வெளியான ஓர் ஆய்வில் தேங்காய் எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், மினரல் ஆயில் மூன்றையும் ஒப்பிட்டார்கள். முடியிலிருந்து புரதம் கழிவதைக் குறைத்தது தேங்காய் எண்ணெய் மட்டும்தான். அது முடிக்குள் இறங்கக்கூடியது. குளிப்பதற்கு முன்னால் முடியின் நீளத்துக்குத் தடவுங்கள். பொடுகு இருக்கும்போது தோலில் தேய்க்காதீர்கள், பொடுகுக்குக் காரணமான மலசீசியா என்ற பூஞ்சை கொழுப்பைத் தின்றுதான் வளர்கிறது.

கண்டிஷனரை வேரில் தடவுவது

காதுக்கு மேலே போக வேண்டாம்.

பொடுகு ஷாம்பூவை உடனே அலசிவிடுவது

மருந்து ஐந்து நிமிடமாவது தோலில் இருக்க வேண்டும்.

உப்புத் தண்ணியைக் கணக்கில் எடுக்காதது

கோவையில் பல வீடுகளில் இரண்டு குழாய் உண்டு: நல்ல தண்ணி, உப்புத் தண்ணி. சிறுவாணித் தண்ணியில் குளித்து வளர்ந்த பெண், போர்வெல் தண்ணி மட்டும் வரும் அப்பார்ட்மென்டுக்குக் கல்யாணமாகிப் போனதும் ஆறே மாதத்தில் ஷாம்பூவைக் குறை சொல்வாள். நான்கு பிராண்டு மாற்றுவாள். தண்ணீரில் உள்ள கால்சியமும் மெக்னீசியமும் முடியில் படிந்து சொரசொரப்பாக்குவதை எந்த பிராண்டும் முழுதாகத் தடுக்காது. இந்த இரண்டும் எவ்வளவு இருக்கிறது என்பதைத்தான் கடினத்தன்மை என்பார்கள். குடிநீருக்கான இந்தியத் தரநிலை, அது லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை இருக்கலாம் என்கிறது. வேறு தண்ணீர் இல்லாத இடத்தில் 600 வரை. ஆர்.ஓ. மெஷின் விற்க வருகிறவர் காட்டும் டி.டி.எஸ். மீட்டர், கரைந்த உப்பு எல்லாவற்றையும் சேர்த்துக் காட்டுமே தவிர, இதைத் தனியாகச் சொல்லாது. ஒரு பாட்டில் தண்ணீரில் குளியல் சோப்பைச் சீவிப் போட்டுக் குலுக்குங்கள். நுரைக்குப் பதில் திரிந்த பால் போல மிதந்தால் கடினத் தண்ணீர்.

இதற்குச் செலவில்லாத வழி, கடைசி இரண்டு மக் மட்டும் நல்ல தண்ணீரில் அலசுவது. ஷாம்பூ வாங்கும்போது பின்பக்கம் இ.டி.டி.ஏ. என்று முடியும் பெயர் இருக்கிறதா பாருங்கள், அது கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும். விலை குறைந்த ஷாம்பூக்களிலும் இருக்கிறது. கடினத் தண்ணீரில் தலைக்குச் சோப்புப் போடவே கூடாது.

பரட்டை என்று நினைத்துக்கொள்வது

இங்கே பரட்டை என்று திட்டு வாங்கிய பல தலைகள் உண்மையில் சுருட்டை அல்லது அலை முடி. காய்ந்த பிறகு சீவிச் சீவி அதன் வளைவைக் கலைத்துவிட்டு, அடக்குவதற்கு ஸ்ட்ரெய்ட்டனிங் ஷாம்பூ வாங்குகிறோம். ஷாம்பூ எந்த முடியையும் நேராக்காது. ஒரு தடவை மட்டும் இப்படிச் செய்து பாருங்கள்: ஷாம்பூ போட்டு அலசி, கண்டிஷனரைத் தாராளமாகப் பூசி, அது தலையில் இருக்கும்போதே அகலப் பல் சீப்பால் நுனியிலிருந்து மேலே சிக்கெடுத்து, அலசி, அப்படியே காயவிடுங்கள். காயும் வரை தொடாதீர்கள். முடி தானாக எப்படி விழுகிறதோ அதுதான் உங்கள் முடி வகை. பத்தாவது படிக்கும் ஒரு பெண் இப்படிக் காய்ந்த தன் முடியைக் கண்ணாடியில் பார்த்துவிட்டு அழுததை நான் மறக்கவில்லை. அது வரை அவள் தலையை எல்லோரும் தேங்காய் நார் என்றே சொல்லியிருக்கிறார்கள்.

கண்டிஷனரில் ஆயில் பெயர்களைத் தேடாதீர்கள். செட்டியரில் ஆல்கஹால், பெஹென்ட்ரைமோனியம் குளோரைடு, செட்ரைமோனியம் குளோரைடு இவற்றில் ஏதாவது முதல் வரிசையில் இருந்தால் வேலை செய்யும், விலை எதுவானாலும். ஆல்கஹால் என்ற பெயரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், இது மெழுகு மாதிரியான பொருள், முடியை வறட்டாது.

'முடி கொட்டுவதை நிறுத்தும்' பாட்டில்

அந்த வரியின் பக்கத்தில் குட்டி நட்சத்திரம் இருக்கும். அது எங்கே போகிறது என்று தேடிப் படியுங்கள்: முடி உடைவதால் ஏற்படும் உதிர்வு மட்டும். வேரோடு விழும் முடிக்கு ஷாம்பூவில் பதில் இல்லை. பிரசவமோ கடும் காய்ச்சலோ கழிந்து இரண்டு மூன்று மாதத்தில் கொத்தாக விழுந்தால் பெரும்பாலும் தானாகவே நிற்கும். நிற்காவிட்டால் ஷாம்பூவுக்கு வைத்த பணத்தில் ரத்தப் பரிசோதனை செய்யுங்கள்.

குழந்தை ஷாம்பூ

எண்ணெய் வைத்த பெரியவர் தலைக்குப் போதாது.

பெரிய பாட்டில்தான் மலிவு என்று எடுப்பது

விலையை மில்லி கணக்கால் வகுத்துப் பாருங்கள். பல பிராண்டுகளில் ஒரு ரூபாய், இரண்டு ரூபாய் பாக்கெட்தான் மலிவாக வருகிறது. புதிதாக ஒன்றைப் பழக நினைத்தால் முதலில் நான்கு பாக்கெட் வாங்கி இரண்டு வாரம் பாருங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் ஷாம்பூவுக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதத்திலிருந்து 5 ஆகக் குறைந்திருக்கிறது, பழைய விலைதானா என்று கடையில் கேளுங்கள்.

அரப்புப் போட்ட அன்றே ஷாம்பூவும் போடுவது

எங்கள் பக்கம் எண்ணெய்க் குளியலுக்கு அரப்புத்தான், உசில மரத்து இலையைக் காயவைத்து அரைத்த தூள். சீயக்காயைவிடக் குளிர்ச்சி என்பார்கள், முடியும் வழுவழுவென்று வரும். வடித்த கஞ்சியில் குழைத்துத் தேய்த்தால் அன்றைக்குக் கண்டிஷனர்கூட வேண்டியதில்லை. அதற்கு மேல் ஷாம்பூ போட்டால் அந்த வழுவழுப்பும் போய்விடும். தூள் முடியில் தங்குகிறது என்பதற்காகத்தான் ஷாம்பூ போடுகிறீர்கள் என்றால், அரைத்ததை மெல்லிய துணியில் ஒரு தடவை சலித்து வைத்துக்கொள்ளுங்கள்.