ஆன்லைனில் வாங்கிய முத்துச் சரம்: அப்ரைசல் தாளை எப்படிப் படிப்பது, எவ்வளவுக்கு இன்சூர் செய்வது

நான்கு வருடத்துக்கு முன் மகளின் பட்டமளிப்புக்காக அகோயா (ஜப்பானிய வகைக் கடல் வளர்ப்பு முத்து) முத்துச் சரம் ஒன்றை ஆன்லைனில் வாங்கினேன். 18 அங்குலம், 7 முதல் 7.5 மில்லிமீட்டர், விலை 840 டாலர். பெட்டிக்குள் கெட்டித் தாளில் ஒரு அப்ரைசலும், அதாவது மதிப்பீட்டுச் சான்றும், இருந்தது. "இன்சூரன்ஸ் மதிப்பு 2,400 டாலர்" என்றது. நல்ல விலைக்குக் கிடைத்துவிட்டது என்று சந்தோஷப்பட்டு, அந்தத் தாளையே இன்சூரன்ஸ் கம்பெனிக்கு அனுப்பினேன். மூன்று வருடம் 2,400-க்குப் பிரீமியம் கட்டினேன். பயணத்தில் சரம் தொலைந்தபோதுதான் அந்தத் தாளில் எதெல்லாம் இல்லை என்று தெரிந்தது. அடுத்த சரத்துக்கு நான் செய்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். நான் இருப்பது நியூஜெர்சியில், அதனால் இன்சூரன்ஸ் விவரங்கள் அமெரிக்காவுக்குத்தான் பொருந்தும்.

படி 1: வீட்டு இன்சூரன்ஸில் என்ன இருக்கிறது என்று பாருங்கள்

பல வீட்டுப் பாலிசிகளில் நகைத் திருட்டுக்கு எல்லா நகைகளுக்கும் சேர்த்தே 1,500 டாலர்தான் வரம்பு. கை தவறித் தொலைந்தால் பெரும்பாலும் எதுவும் கிடைக்காது. அதனால் சரத்தைத் தனியாகப் பட்டியலிட்டு ஒரு ரைடர் (பாலிசியோடு சேர்க்கும் கூடுதல் காப்பு) எடுக்க வேண்டும். அதை எப்படி எடுப்பது என்பதை ஏஜென்டே சொல்லிவிடுவார்.

படி 2: பெட்டியில் வந்த தொகையை நம்ப வேண்டாம்

அப்ரைசலில் வரும் தொகை பொதுவாக 'சில்லறை மாற்று மதிப்பு'. அதே மாதிரி சரத்தை இன்று கடையில் புதிதாக வாங்க எவ்வளவு ஆகும் என்பது அதன் பொருள். நீங்கள் விற்கப் போனால் கிடைக்கும் தொகை இது இல்லை, அது இதைவிட மிகவும் குறைவாக இருக்கும்.

இங்கே கேட்க வேண்டியது, எந்தக் கடையில் என்பதுதான். 840 டாலருக்கு வாங்கிய சரத்தை நாளைக்கும் அதே இடத்தில் 840-க்கு வாங்க முடியும் என்றால், அதன் மாற்று மதிப்பு 840-ஐ ஒட்டித்தான் இருக்க வேண்டும். விற்பவரே தன் சரக்குக்குப் போட்டுத் தரும் மதிப்பீட்டில் தொகை பெரிதாக இருந்தால் வாங்குகிறவருக்கு மனம் குளிரும், அவ்வளவுதான். ஆனால் பிரீமியம் அந்தப் பெரிய தொகையின் மேல்தான் கணக்காகும்.

புதிதாக வாங்கியது என்றால் பில்லையே ஏற்றுக்கொள்ளும் கம்பெனிகள் நிறைய இருக்கின்றன. முதலில் அதைக் கேளுங்கள்.

படி 3: வர்ணனை (நான் ஏமாந்தது இங்கேதான்)

கிளைம் போட்டபோது கம்பெனி 2,400 டாலர் தரவில்லை. 'அதே வகை, அதே தரத்தில் மாற்றிக் கொடுப்போம், பாலிசித் தொகை அதிகபட்ச வரம்பு மட்டுமே' என்பது பாலிசியில் இருந்த வாசகம். அப்ரைசலில் இருந்த வர்ணனை ஒரே வரி: "ஏஏஏ தர முத்துச் சரம், 7 மி.மீ." அதை வைத்து அவர்கள் அனுப்பிய சரத்தில் அளவு சரியாகத்தான் இருந்தது, நீரோட்டம், அதாவது முத்தின் பளபளப்பு, இல்லை. சுண்ணாம்பு பூசியது போல மங்கலாக இருந்தது.

ஏ, ஏஏ, ஏஏஏ என்பதற்குப் பொதுவான அளவுகோல் எதுவும் கிடையாது. ஒவ்வொரு கடையும் தானே வைத்துக்கொள்ளும் பெயர் அது. முத்தைத் தரம் பிரிக்க ஜி.ஐ.ஏ. (அமெரிக்க ரத்தினவியல் நிறுவனம்) ஏழு விஷயங்களைப் பார்க்கிறது: அளவு, வடிவம், நிறம், பளபளப்பு, மேற்பரப்பு, முத்துப் படலத்தின் (சிப்பி சுரந்த மேலடுக்கின்) தரம், ஒன்றோடொன்று பொருத்தம். உங்கள் அப்ரைசலில் இந்த ஏழும் இருக்க வேண்டும். வளர்ப்பு முத்தா, கடல் முத்தா, நன்னீர் முத்தா, சாயம் ஏற்றியதா, எத்தனை முத்து, ஒவ்வொன்றுக்கும் நடுவே முடிச்சு உண்டா, கொக்கி என்ன உலோகம், இதெல்லாமும் வேண்டும். கூடவே போட்டோ. பழைய சரத்தை ஜன்னலோரம் வைத்து நான் எடுத்திருந்த ஒரு போட்டோவைக் காட்டித்தான் அந்த மங்கல் சரத்தைத் திருப்பி அனுப்பி, வேறு வாங்க முடிந்தது.

ஒன்றைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். ஜி.ஐ.ஏ. அறிக்கையில் விலை இருக்காது. முத்து என்ன வகை, எப்படிப்பட்டது என்று சொல்வது மட்டுமே அதன் வேலை.

படி 4: யாரிடம் மதிப்பிடுவது

நகை விற்காத, தனியாக மதிப்பீடு மட்டும் செய்பவரிடம் போங்கள். மணிக்கு இவ்வளவு அல்லது ஒரு நகைக்கு இவ்வளவு என்று கட்டணம் வாங்குபவராக இருக்கட்டும். மதிப்பில் இத்தனை சதவீதம் என்று கேட்டால் உடனே எழுந்து வந்துவிடுங்கள். மதிப்பை ஒட்டிக் கட்டணம் வாங்குவதை, அமெரிக்க மதிப்பீட்டாளர்களுக்கான யூஸ்பேப் (USPAP) நெறிமுறையே தடுக்கிறது.

கடையின் ரிட்டர்ன் நாட்கள் முடிவதற்குள் போவது முக்கியம். அதற்கு முன் நீங்களே பார்க்க, வீட்டில் அளவெடுக்க ஒரு டிஜிட்டல் காலிப்பரும் 10 மடங்கு லென்ஸும் இருந்தால் போதும். போன் கேமராவில் பெரிதாக்கிப் பார்ப்பதைவிட லென்ஸ் எவ்வளவோ மேல். துளையின் ஓரத்தைப் பாருங்கள். முத்தை வளர்க்க உள்ளே வைத்த மணியும் அதன் மேல் படலமும் சந்திக்கும் கோடு தெரியும். படலம் தாள் போல மெல்லியதாக இருந்தால் சரத்தைத் திருப்பி அனுப்புவதுதான் நல்லது.

படி 5: பாலிசி வாசகம்

'ஒப்புக்கொண்ட மதிப்பு' என்றால் எழுதிய தொகை அப்படியே கிடைக்கும், ஆனால் அத்தகைய பாலிசி அரிது. மற்றவை பெரும்பாலும் மாற்றித் தரும் வகை. 'காரணம் தெரியாமல் காணாமல் போவது' சேர்ந்திருக்கிறதா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பட்டு நூல் தேய்ந்து அறுந்தால் அது தேய்மானம், கோர்க்கும் செலவை நாம்தான் ஏற்க வேண்டும்.

பிற்சேர்க்கை 1: "ஹைதராபாத் முத்து" என்று பில்லில் இருந்தால் போதுமா என்று சென்னையிலிருந்து ஒருவர் கேட்டிருந்தார். போதாது. ஹைதராபாத் முத்துக்குத் துளையிட்டு விற்கும் ஊர். அங்கே விற்பதில் பெரும்பகுதி சீன நன்னீர் வளர்ப்பு முத்து. அதைப் பில்லிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள்.

பிற்சேர்க்கை 2: பாட்டி வைத்திருந்த தூத்துக்குடி முத்தை என்ன செய்வது என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். தூத்துக்குடியில் கடைசி முத்துக்குளிப்பு 1961-இல் நடந்தது. அதற்கு முந்தைய முத்து இயற்கை முத்தாக இருக்கலாம், அப்படியானால் விலைக் கணக்கே வேறு. மன்னார் வளைகுடாச் சிப்பியும் அகோயாச் சிப்பியும் ஒரே இனம் என்பதால், இயற்கை முத்தா அகோயா வளர்ப்பு முத்தா என்று கண்ணால் பார்த்துச் சொல்வது கடினம். ஆய்வகத்தில் எக்ஸ்ரே எடுத்தால்தான் தெரியும். எடுக்கும் வரை அதற்கு எந்தத் தொகையும் எழுத வேண்டாம், யாருக்கும் விற்கவும் வேண்டாம்.