லினக்ஸுக்குச் சின்ன லேப்டாப் வாங்கணுமா? பென்டிரைவோடு கடைக்குப் போங்க

தோள்பையில் போட்டால் கனமே தெரியாத ஒரு லேப்டாப், 12 அல்லது 13 இன்ச் திரை, அதில் விண்டோஸுக்குப் பதிலாகப் போடும் இலவச இயங்குதளமான லினக்ஸ் மட்டும்தான் ஓடப்போகிறது என்றால் புதுசு வாங்கிக் காசை விடாதீர்கள். கம்பெனிகளில் ஓடிவிட்டு வெளியே வரும் பழைய பிசினஸ் மாடல்கள் போதும், சொல்லப்போனால் அவைதான் நல்லது. 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-ஓ இன்டெலில் பெரும்பாலும் 8-ஆம் தலைமுறைக்குக் கீழே இருக்கும் பிராசசர்களை ஏற்றுக்கொள்வதில்லை. அதனால் 6, 7-ஆம் தலைமுறை மெஷின்கள் செகண்ட் ஹேண்டில் நிறையக் கிடைக்கின்றன, லினக்ஸ் இவற்றில் சுகமாக ஓடும்.

மாடல் பெயர் சொல் என்றால், லெனோவோவின் திங்க்பேட் எக்ஸ்270. 12.5 இன்ச் திரை, உள்ளே ஒரு பேட்டரி, பின்னால் கழற்றி மாட்டுகிற மாதிரி இன்னொன்று, மெஷினை அணைக்காமலே பின் பேட்டரியை மாற்றிக்கொள்ளலாம். டைப்-சி வழியாகவும் சார்ஜ் ஏறும். ராம் மாட்ட ஒரே ஒரு ஸ்லாட்தான், ஆனால் அது கழற்றி மாற்றக்கூடிய ஸ்லாட், அதுதான் முக்கியம். இதற்கு அடுத்து வந்த எக்ஸ்280 இன்னும் மெலிசு, பார்க்க அழகு, ஆனால் ராமைக் கழற்ற முடியாதபடி போர்டிலேயே சாலிடர் செய்துவிட்டார்கள், 8 ஜிபி வாங்கினால் கடைசிவரை 8 ஜிபிதான். ஒரே மாடலில் 1366x768 திரையும் உண்டு, 1920x1080 திரையும் உண்டு, கடையில் இரண்டையும் ஒரே பெயரில்தான் விற்பார்கள், கேட்டு வாங்குங்கள்.

ஆனால் மாடலைவிட உள்ளே இருக்கும் வைஃபை கார்டுதான் தலைவலி தரும். "லினக்ஸெல்லாம் சூப்பரா ஓடும் சார்" என்று கடைக்காரர் சொன்னதை நம்பி நான் ஒரு தடவை வாங்கி வந்து, வீட்டில் இன்ஸ்டால் பண்ணி முடித்தபிறகு பார்த்தால் வைஃபை ஐகானே இல்லை, டிரைவர் இறக்க நெட் வேண்டும், நெட்டுக்கு டிரைவர் வேண்டும், கடைசியில் போனைக் கேபிளில் சொருகி நெட் எடுத்துத்தான் சரிசெய்தேன். இன்டெல் கார்டு என்றால் டிரைவர் லினக்ஸின் மையப்பகுதியான கர்னலிலேயே இருக்கிறது, பேச்சே இல்லை. பிராட்காம் கம்பெனி கார்டு என்றால் பலவற்றுக்குத் தனி டிரைவர் போடவேண்டி வரும்.

இதையெல்லாம் வீட்டுக்கு வந்து கண்டுபிடிக்கக் கூடாது. முந்தின நாளே 8 ஜிபி பென்டிரைவில், லினக்ஸின் ஒரு வகையான லினக்ஸ் மின்டை, மெஷின் அதிலிருந்தே கிளம்புகிற மாதிரி (இதைத்தான் பூட் என்பார்கள்) ஏற்றிக்கொள்ளுங்கள். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் மாதிரி எலக்ட்ரானிக்ஸ் கடைகள் இருக்கும் இடத்துக்குப் போனால், "ஹார்டு டிஸ்க்கைத் தொடமாட்டேன், பென்டிரைவிலிருந்து பூட் பண்ணிப் பார்க்கிறேன்" என்று சொல்லிக் கேளுங்கள். விடமாட்டேன் என்றால் அடுத்த கடை. திங்க்பேடிலும் டெல்லிலும் எஃப்12, ஹெச்பியில் எஃப்9, மெஷினை ஆன் செய்ததும் அழுத்தினால் எதிலிருந்து கிளம்புவது என்று கேட்கும் பூட் மெனு வரும்.

டெஸ்க்டாப் வந்ததும் முதலில் போன் ஹாட்ஸ்பாட்டில் வைஃபையை இணையுங்கள், ஒரு வீடியோ ஓட்டிச் சத்தம் கேட்கிறதா பாருங்கள், கேமரா, புளூடூத், வெளிச்சம் கூட்டிக் குறைக்கும் பட்டன்கள், அப்புறம் டெக்ஸ்ட் எடிட்டரில் எல்லா எழுத்தையும் ஒருமுறை தட்டுங்கள். பலரும் விட்டுவிடுவது ஒன்று: மூடியைச் சாத்தி இரண்டு நிமிடம் வைத்துவிட்டுத் திறங்கள். திரை உடனே எழவேண்டும், வைஃபை தானாக ஒட்டிக்கொள்ள வேண்டும். பவர் விளக்கு எரிந்து திரை மட்டும் கறுப்பாகவே இருந்தால், பின்னால் தினமும் அந்தத் தொல்லையோடுதான் வேலை பார்க்க வேண்டியிருக்கும். கைரேகை ரீடர் வேலை செய்யாவிட்டால் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதீர்கள், பல மாடல்களில் அதற்கு லினக்ஸ் டிரைவர் இல்லை.

பிறகு மெஷினின் அடிப்படை அமைப்புகள் இருக்கும் பயாஸுக்குள் போய்ப் பாருங்கள், திங்க்பேடில் ஆன் செய்ததும் எஃப்1. பாஸ்வேர்டு கேட்டால் அந்த மெஷின் வேண்டவே வேண்டாம். பழைய கம்பெனி போட்ட பூட்டு அது, திங்க்பேடில் சூப்பர்வைசர் பாஸ்வேர்டு போர்டில் இருக்கும் சின்ன சிமாஸ் பேட்டரியைக் கழற்றினாலும் போகாது. இன்ஸ்டால் பண்ணும்போது எஸ்எஸ்டி தெரியவில்லை என்றால் பயப்படாதீர்கள், பயாஸில் ஸ்டோரேஜ் அமைப்பு ரெய்டு (RAID) மோடில் இருக்கும், ஏஹெச்சிஐ (AHCI) மோடுக்கு மாற்றினால் பெரும்பாலும் வந்துவிடும்.

விலை குறைவு என்று 2 ஜிபி ராம், 32 ஜிபி இஎம்எம்சி ஸ்டோரேஜ் போட்ட, இன்டெல் ஆட்டம் (Atom) பிராசசர் மினி லேப்டாப் பக்கம் மட்டும் போகாதீர்கள். அந்த வகையில் சிலவற்றில் பிராசசர் 64 பிட், மெஷினைக் கிளப்பும் ஃபர்ம்வேர் 32 பிட், சாதாரண 64 பிட் லினக்ஸ் பென்டிரைவ் பூட் ஆகாமல் போகலாம்.

காசு கொடுக்கும் முன் கடைசியாகப் பேட்டரி. மின்டிலேயே 'பவர் ஸ்டாடிஸ்டிக்ஸ்' என்று ஒரு செயலி இருக்கிறது, அதில் பேட்டரி புதுசாக இருந்தபோது எவ்வளவு தாங்கியது, இப்போது எவ்வளவு தாங்குகிறது என்று இரண்டு எண்ணும் வரும். புதுசில் 24, இப்போது 12 என்றால் பாதி போய்விட்டது. அந்தத் திரையைக் கடைக்காரரிடம் காட்டியே பேரம் பேசுங்கள், புதுப் பேட்டரி விலையைக் கழித்துக்கொள்ளச் சொல்லுங்கள்.